மைக் இல்லாமல் கேட்ட வயலினும் பியானோவும் வீட்டு ஸ்பீக்கரில் ஏன் வரவில்லை?

நாலாவது மாடி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடி. ஒவ்வொன்றிலும் ஆறரை அங்குல வூஃபர் (அடிச்சுரங்களுக்கான கூம்பு) இரண்டு. தனி ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 100 வாட். தனியாக ஒரு டிஏசி (டிஜிட்டல் பதிவை ஆம்ப்ளிஃபயருக்கான மின்னலையாக மாற்றும் கருவி). அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஸ்பீக்கர்கள் சுவருக்குப் பக்கத்தில் நிற்கின்றன, முன்முகத்திலிருந்து சுவர்வரை 60 சென்டிமீட்டர் இருக்கும். நான் உட்காருவது எதிர்ச்சுவரை ஒட்டி. எல்லாமே பல வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை.

சமீபத்தில் ஒரு சின்ன அரங்கில் வயலின், பியானோ இரண்டு மட்டும் உள்ள கச்சேரிக்குப் போனேன். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. மூன்றாவது வரிசை. வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைக்கும் முன் மூச்சை இழுத்தது கேட்டது. பியானோவில் இடது கை அடியில் ஒரு சுரத்தைத் தட்டியபோது நாற்காலியின் மரக்கைப்பிடி என் முழங்கையில் அதிர்ந்தது. மெதுவாக வாசித்த இடங்களில் ஒலி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து அதே படைப்பின் நல்ல ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். எல்லாம் கேட்கிறது. சொல்லப்போனால் கச்சேரியைவிடத் துல்லியமாகவே கேட்கிறது. ஆனால் எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்ற உணர்வு மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து எதைப் போட்டாலும் அந்தக் குறை மனதை அரிக்கிறது.

தெரிந்தவர்களிடம் கேட்டேன். வாட்டை இரட்டிப்பாக்கு என்கிறார் ஒருவர். கேபிளை மாற்று என்கிறார் இன்னொருவர். டிஜிட்டலை விட்டுவிட்டு எல்பி இசைத்தட்டுக்குப் போ என்கிறார் மூன்றாமவர்.

நான் கேட்பது இதுதான்: இந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே போனால், வீட்டில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஒன்றாகிவிடும் ஒரு படி இருக்கிறதா? இருந்தால் அது எந்தப் படி? இல்லையென்றால் எதற்காக இத்தனை செலவு செய்கிறோம்? அடுத்த கருவிக்கென்று பணம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதனால்தான் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஓம் விதி எழுதியது:

முதலில் வாட் கணக்கை முடித்துவிடுவோம்.

100 வாட்டிலிருந்து 200க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று காது உணரும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்கு 1,000 வாட். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியை நீங்கள் சொல்லவில்லை. 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87, 100 வாட் கொடுத்தால் 107. நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வெட்டவெளியில் 12 குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தருகின்றன, ஸ்பீக்கரும் இரண்டு. ஆக உங்கள் நாற்காலியில் 100 டெசிபலை ஒட்டிய உச்சம் கிடைக்கும். ஒரு வயலினுக்கும் பியானோவுக்கும் அது தாராளம். முழு ஆர்கெஸ்ட்ரா என்றால் வேறு பேச்சு.

கேபிள்: போதிய தடிமன் இருந்தால் வேலை முடிந்தது.

எல்பி: 16 பிட் சிடியின் டைனமிக் ரேஞ்ச், அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, சுமார் 96 டெசிபல். எல்பியில் 60, 70 தேறும். எல்பியின் ஒலி பிடித்திருந்தால் வாங்குங்கள், எனக்கும் பிடிக்கும். கச்சேரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஸ்பீக்கர்களை, திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறை, கண்ணெதிரே வைத்து ஒருமுறை, ஆட்களைக் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணால் பார்த்தபோது மதிப்பெண் மாறிவிட்டது. பெரியதாக, பெயர்பெற்றதாகத் தெரிந்தது கூடுதலாக வாங்கியது. எதை வாங்குவதாக இருந்தாலும் கண்ணை மூடி ஒப்பிட வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ‘இரண்டு பேர் இருக்கிறார்கள்’ என்ற உணர்வுக்கு என் கணக்கில் பதில் இல்லை. வாசிக்கிறவர்கள் யாராவது சொல்லட்டும்.

தந்திவாத்தியம் எழுதியது:

நான் வயலின் வாசிப்பவன். கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வதும் என் பிழைப்பு. உங்கள் கேள்வியை என் வாழ்க்கை முழுவதும் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

அப்படி ஒரு படி இல்லை. நீங்கள் தேடுவது உங்கள் கருவியில் தொலையவில்லை. அந்த ஒலிப்பதிவுக்குள் அது ஏறவே இல்லை. ஏறாத ஒன்றை எந்த ஆம்ப்ளிஃபயரும் வெளியே கொண்டுவராது.

வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி தந்தியில் விரல் வைக்காமல் வாசித்தால் 196 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியில் ஒலி ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் நிலைமை வேறு. வயலினின் உடல் அங்கே பல துண்டுகளாகப் பிரிந்து அதிர்கிறது. ஒரு சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள் உங்கள் முகத்துக்கு நேராக வரும். அரைச்சுரம் தள்ளி விரல் வைத்தால் அதுவே கூரைக்குக் கிளம்பும், அங்கே பட்டுத்தான் உங்களிடம் வந்து சேரும். விரலை ஆட்டி வைப்ரடோ கொடுக்கும்போது சுருதி லேசாக ஏறி இறங்குகிறது என்று மட்டும் நினைக்கிறோம். ஒலி கிளம்பும் திசையும் அதோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு வாசிப்பவர் உடம்பை அசைக்கிறார். ஒவ்வொரு கணமும் அரங்கத்தின் வேறு வேறு சுவர் பதில் சொல்கிறது. இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1997இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஸ்பீக்கரில் கேட்கும் வயலினுக்கும் நேரில் கேட்கும் வயலினுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பது அவர் கருத்து. அதை நான் என் காதாலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்பீக்கரில் என்ன நடக்கிறது? மேடையில் எந்தத் திசையில் போன ஒலியானாலும் மைக் நின்ற புள்ளியில் என்ன அழுத்தம் இருந்ததோ அதுதான் பதிவு. அது ஒரே முகத்திலிருந்து, ஒரே மாதிரியான பரவலில், உங்கள் அறைக்குள் வருகிறது. அந்த அசைவு முழுக்கப் போய்விட்டது. நீங்கள் ‘ஆள் இருக்கிறார்’ என்று உணர்ந்தது பெரும்பாலும் அந்த அசைவைத்தான்.

பியானோ இன்னும் பெரிய சிக்கல். முழுநீளக் கச்சேரிப் பியானோ ஏறக்குறைய 2.7 மீட்டர். அதன் தந்திகளுக்கு அடியில் இருக்கும் பெரிய மரப்பலகையான சவுண்ட்போர்டு முழுவதும் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது, கால்கள் வழியாக மேடைப் பலகையையும் உலுக்குகிறது. நீங்கள் சொன்ன கைப்பிடி அதிர்வு அப்படித்தான் வந்திருக்கும். இங்கே அந்த வேலையைச் செய்ய வேண்டியவை ஆறரை அங்குலக் கூம்புகள். பியானோவின் கடைசிச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ், ஆனால் அந்தச் சுரத்தில் அடிப்படை அதிர்வு மெலிந்துதான் இருக்கும், மேல் ஸ்வரங்கள்தான் நம் காதுக்குச் சுருதியைச் சொல்கின்றன. அதனால் சுரம் வீட்டிலும் கேட்கிறது. உடம்பில் படுவதுதான் வருவதில்லை.

அடுத்தது மைக் நிற்கும் இடம். ஆர்கெஸ்ட்ரா பதிவுகளில் 1950களிலிருந்து புழங்கும் ஒரு முறை உண்டு, டெக்கா ட்ரீ என்பார்கள். டி வடிவச் சட்டத்தில் மூன்று மைக்குகள், நடத்துநரின் தலைக்கு மேலே, மேடையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயரத்தில். அந்த இடத்தில் எந்த ரசிகரும் உட்கார்ந்ததில்லை. வயலின், பியானோ மட்டும் என்றால் நான் ஒரு ஜோடி மைக்கை ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்துவேன். ஒரு சாண் முன்னே தள்ளினால் வில்லின் உராய்வு, வில்லில் தடவும் ரோசின் பிசினின் சரசரப்பு எல்லாம் மேலே வந்துவிடும். ஒரு சாண் பின்னே இழுத்தால் பியானோ கரைய ஆரம்பிக்கும். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டு, ஓடிவந்து நகர்த்தி, திரும்பப் போய்க் கேட்டு, இதற்கே பாதி நாள் போய்விடும். கடைசியில் வாசித்தவரைக் கூட்டிவந்து கேட்கவைத்தால், ‘இது என் வயலின் மாதிரி இல்லையே’ என்பார். அவர் ஆயுள் முழுக்கக் கேட்டது இடது காதுக்கு அடியில் ஒலிக்கும் வயலின். நீங்கள் கேட்டது மூன்றாம் வரிசை வயலின். நான் பதிந்தது மைக் கேட்ட வயலின். மூன்றும் உண்மைதான்.

இப்போது அரங்கம். வாலஸ் சபீன் என்ற இளம் பேராசிரியரிடம் 1895இல் ஹார்வர்டில் ஒரு வேலை வந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை, ஒரு சொல் பேசினால் ஐந்து விநாடிக்கு மேல் முழங்கிக்கொண்டே இருந்தது. அவர் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஒரு ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் காதால் கேட்டே அளந்தார். எவ்வளவு மெத்தை வைத்தால் எவ்வளவு விநாடி குறைகிறது என்ற அந்தக் கணக்கிலிருந்துதான் இன்றைய அரங்க ஒலியியல் பிறந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவர் கணக்கில் கட்டியது. அங்கேயும், 1870இல் திறந்த வியன்னா முசீக்ஃபெரைன் அரங்கத்திலும், ஆள் நிறைந்திருக்கும்போது முழக்கம் அடங்க ஏறக்குறைய 2 விநாடி ஆகிறது. சாமான்கள் உள்ள ஒரு வீட்டு அறையில் அரை விநாடிக்குள் அடங்கிவிடும்.

அந்த முழக்கம் பதிவில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அரங்கத்தில் அது உங்கள் பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து, மேலிருந்து வந்தது. இரண்டு பக்கக் காதுக்கும் வெவ்வேறு விதமாக வந்து சேரும் அந்தப் பக்கச்சுவர் எதிரொலிதான் ‘ஒலிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்’ என்ற உணர்வைத் தருகிறது. ஸ்டீரியோவில் அத்தனையும் முன்னால் இருக்கும் 60 டிகிரிக்குள் மடித்து வைக்கப்படுகிறது. சாளரம் வழியாகக் கடலைப் பார்ப்பதுபோல. கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் நனைய மாட்டீர்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். எடிசன் நிறுவனம் 1915 முதல் சுமார் பத்து ஆண்டுகள் ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மேடையில் பாடகி, பக்கத்தில் அவர்களுடைய டிஸ்க் கிராமஃபோன். பாடகி பாடுவார், நடுவில் நிறுத்துவார், கருவி தொடரும். சில சமயம் விளக்கை அணைத்துவிடுவார்கள். விளக்கு திரும்ப வரும்போது பாடகி மேடையிலேயே இருக்க மாட்டார், கருவி பாடிக்கொண்டிருக்கும். கூட்டம் அசந்துபோனது. இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. மின்சார ஒலிப்பதிவே வராத காலம் அது, கொம்புக்குள் பாடிப் பதிந்தது. அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்: கருவியின் ஒலிக்கு ஒத்துப்போகும்படி தன் குரலை மாற்றிக்கொண்டு பாடினாராம். ‘அப்படியே நேரில் கேட்பதுபோல் இருக்கிறது’ என்று யாராவது எந்தக் கருவியைப் பற்றியாவது சொன்னால் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். கச்சேரியை நோக்கிக் கருவி நடந்துபோகவில்லை. கருவியை நோக்கிப் பாடகி நடந்துவந்தார்.

அப்படியென்றால் எதற்கு இத்தனை செலவு என்று கேட்டீர்கள். அதற்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது. ஒலிப்பதிவு என்பது கச்சேரியின் நகல் அல்ல. அது தனியாகச் செய்யப்பட்ட ஒன்று. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், முப்பத்தொரு வயதில், மேடையை விட்டே விலகி ஸ்டுடியோவுக்குள் போனார். பல டேக்குகளை வெட்டி ஒட்டி, தன் மனதில் இருந்த வாசிப்பை உருவாக்கினார். மறுமுனையில் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் செர்ஜியு செலிபிடாகே. இசை அந்த அரங்கில், அந்த நேரத்தில் மட்டுமே உண்டு என்று சொல்லி, ஒலிப்பதிவு வெளியிடுவதையே பெரும்பாலும் மறுத்துவந்தார். 1996இல் அவர் இறந்த பிறகுதான் அவருடைய பதிவுகள் வரிசையாக வெளிவந்தன. இந்த இருவரில் ஒருவர் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றால் நான் நிற்க மாட்டேன். கூல்டைக் கேட்க நல்ல ஸ்பீக்கர் வேண்டும், அவர் அதற்காகவே செய்துவைத்திருக்கிறார். செலிபிடாகே சொன்னதற்கோ நேரில் போயாக வேண்டும்.

ஒதுக்கிய பணத்தைப் பற்றி: முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து வெளியே இழுங்கள், நாற்காலியைச் சுவரிலிருந்து முன்னே கொண்டுவாருங்கள். அதன்பிறகு பக்கச்சுவர்களில் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். மீதிப் பணத்தில் மைக் இல்லாத கச்சேரிகளுக்குப் போங்கள், முடிந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இருக்கையில். பால்கனியின் அடியில் ஒருமுறை, கடைசி வரிசையில் ஒருமுறை. அந்த வித்தியாசம் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரியது.

இரவுப்பணி எழுதியது:

தந்திவாத்தியம் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். வயலினைப் பற்றிச் சொன்னது ஒவ்வொன்றும் மனதில் நிற்கிறது. ஆனாலும் நேரில் கேட்பது எப்போதும் ஒரு படி மேல் என்ற தொனியில் இந்தப் பேச்சு போவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று பெரும்பாலான கச்சேரிகள் எப்படி நடக்கின்றன? மேடையில் இருப்பவர் வாயருகே மைக், வாத்தியத்துக்குள் மைக், எல்லாம் மிக்ஸருக்குப் போய் இரண்டு பக்கமும் தொங்கும் ஸ்பீக்கர் வரிசையில் வருகிறது. நாம் கேட்பது அங்கேயும் ஸ்பீக்கரைத்தான். அதுவும் நம் வீட்டு ஸ்பீக்கர்போல நமக்கென்று நிறுத்தியது அல்ல. ஓரத்து இருக்கை என்றால் ஒரு பக்க வரிசை மட்டும்தான் காதில் விழும். 34 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. பெரிய திரையில் ட்ரம் குச்சி இறங்குவதும் அடி காதில் விழுவதும் ஒட்டாது. சத்தத்தைச் சொல்லவே வேண்டாம். அமெரிக்காவின் தொழில்சார் நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனமும் 2022இல், இசை நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தது. இரண்டு மணி நேரம் அதில் நின்றுவிட்டுக் காதில் ரீங்காரத்தோடு வீடு திரும்புவதை ‘அனுபவம்’ என்று எப்படிச் சொல்வது? காது போனால் திரும்ப வளராது. மைக் உள்ள கச்சேரிக்குப் போகிறவர்கள் இயர்ப்ளக் எடுத்துப் போங்கள், தயவுசெய்து.

பல ஆல்பங்களுக்கு நேரடி வடிவம் என்ற ஒன்றே கிடையாது. ஒரே பாடகியின் குரல் எட்டு அடுக்காகப் பதிந்திருக்கும். ட்ரம் ஒரு நாட்டில், பேஸ் இன்னொரு நாட்டில். இரண்டு ஸ்பீக்கர் நடுவில்தான் அவர்கள் முதன்முதலில் ஒன்றுசேர்கிறார்கள். அங்கே வீடுதான் அசல், மேடைதான் நகல்.

என் சொந்தக் காரணமும் உண்டு. படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மாலையில் வீட்டை விட்டு இரண்டு மணி நேரம் நகர முடியாது. அம்மா தூங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய சத்தத்தில் நான் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கச்சேரிக்குக் குறைந்தது இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர்களின் வாசிப்பை, ஒரே ஒரு திருப்பத்தை, பிடிபடும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன். ஒரு இடத்தில் வாசிப்பவர் வேண்டுமென்றே தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் வந்து சேர்கிறார் என்பது எத்தனையோ இரவுகள் கேட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அரங்கில் கேட்டிருந்தால் அது என்னைத் தாண்டிப் போயிருக்கும். சத்தம் குறைத்துக் கேட்கும்போதும் குரல் தெளிவாக நிற்கும் ஸ்பீக்கர் எனக்கு ஆடம்பரம் அல்ல. அதற்காகச் சேமித்துத்தான் வாங்கினேன், இன்றும் அதில் எனக்கு நிறைவு.

தந்திவாத்தியம் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னதில் பெரும்பகுதிக்கு என் கையெழுத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். நான் நேரடி இசை என்று எழுதியது மைக் இல்லாத இசையை மட்டும்தான். ஸ்பீக்கர் வரிசை தொங்கும் இடத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. காது பற்றி நீங்கள் எழுதியதை நானும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் காது மந்தமானவர்கள் ஏராளம். ஆர்கெஸ்ட்ராவில் பித்தளை வாத்தியங்களுக்கு முன்னால் உட்காருபவர்கள் மைக் இல்லாமலேயே காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விலகுகிறேன். தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் வருவது அரங்கில் உங்களைத் தாண்டிப் போயிருக்கும் என்றீர்கள். உங்கள் அறிவைத் தாண்டிப் போயிருக்கலாம், உடம்பு அதை வாங்கியிருக்கும். வாசிக்கிறபோது கூட்டம் மொத்தமாக மூச்சைப் பிடிப்பது மேடையில் இருப்பவருக்குத் தெரியும். அந்த நூலை இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா, விட்டுவிடலாமா என்று அவர் முடிவெடுப்பது அதைப் பார்த்துத்தான். ஆள் இல்லாத அறையில் மைக்குக்காக வாசிக்கும்போது நான் அப்படி இழுப்பதில்லை, கை தானாகவே முந்திவிடும். நீங்கள் கேட்ட அந்தத் திருப்பம் ஒரு கச்சேரியில் பதிந்ததாக இருந்தால், அதில் பாதி அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கொடுத்தது.

அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த சத்தத்தில் கேட்பவர் என்பதால் ஒரு தகவல்: சத்தம் குறையக் குறையக் காது பாஸை, அதாவது அடிச்சுரங்களை, முதலில் இழக்கிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் லவுட்னஸ் பொத்தான் இருந்தால் இரவில் கூச்சப்படாமல் போடுங்கள், அது அதற்காகவே வைத்தது.

நாலாவது மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

தந்திவாத்தியம் சார் சொன்னபடி ஒன்றும் வாங்காமல் நகர்த்திப் பார்த்தேன். ஸ்பீக்கரின் முன்முகம் இப்போது சுவரிலிருந்து 1 மீட்டர். நாற்காலியை அறையின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்தேன். அந்த வயலின் பதிவில் பியானோ இப்போது வயலினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது, முன்பு இரண்டும் ஒரே தட்டையான கோட்டில் இருந்தன. மூன்றாம் வரிசை வரவில்லை, வராது என்றும் புரிந்தது. ஆனால் அந்தப் பதிவை முதல்முறையாக அதுவாகவே கேட்டேன். மைக் அவர்களுக்கு மேலே எங்கேயோ தொங்குகிறது என்பதுகூட இப்போது காதில் தெரிகிறது.

ஒரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. டபுள் பேஸ் உள்ள பதிவுகளில் அடியில் இருக்கும் சில சுரங்கள் மெலிந்துவிட்டன. முன்பு சுவரை ஒட்டி உட்கார்ந்தபோது அதே சுரங்கள் குமுறின. சப்வூஃபர் வாங்க வேண்டுமா?

ஓம் விதி எழுதியது:

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுதான் காரணம்.

ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே போய்த் திரும்பும் ஒலி ஓரிடத்தில் நின்றதுபோல் ஆவதுதான் நிலையலை. 5 மீட்டர் நீளத்துக்கு முதல் நிலையலை 343ஐ 10ஆல் (நீளத்தின் இரண்டு மடங்கு) வகுத்தால் வருவது, அதாவது 34 ஹெர்ட்ஸ். அந்த அலைக்குச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சம், அறையின் நடுவில் ஏறக்குறையப் பூஜ்யம். முன்பு உச்சத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், குமுறியது. இப்போது பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், 34உம் அதை ஒட்டிய சுரங்களும் இளைக்கின்றன. டபுள் பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. நாற்காலியைப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பின்சுவரிலிருந்து 1.9 மீட்டரில் போட்டுப் பாருங்கள். அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு வழக்கமான ஆரம்பப் புள்ளி அது. அங்கிருந்து ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று தேடுங்கள்.

ஸ்பீக்கருக்கும் ஒரு கணக்கு உண்டு. முன்முகம் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தபோது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேரடி ஒலியை எதிர்த்து அடித்து, அங்கே ஒரு பள்ளம்போல ஒலியைக் குறைத்தது. 1 மீட்டரில் அந்தப் பள்ளம் 86க்கு இறங்கியிருக்கும். பக்கச்சுவரும் அதே 1 மீட்டரில் இருந்தால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும். அதனால் பக்கச்சுவர் தூரத்தை 70 சென்டிமீட்டர்போல மாற்றி வையுங்கள்.

பிறகு அளவீட்டு மைக் ஒன்றை யாரிடமாவது வாங்கி, நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் வைத்து 20 முதல் 200 ஹெர்ட்ஸ்வரை அளந்து அந்த வரைபடத்தை இங்கே போடுங்கள். 57 ஹெர்ட்ஸ் பக்கம் மேடோ பள்ளமோ தெரிந்தால் அது தரையும் கூரையும் சேர்ந்து செய்வது, நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் மாறாது. அதற்கு என்ன செய்யலாம் என்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.